ஃபிக்ஸட் கியர் சைக்கிள்: பிரேக், ஃபோர்க், வீல் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபிக்ஸட் கியர் சைக்கிள் கட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் வீலில்தான் தொடங்குகிறார்கள். ஆழமான ரிம், கண்ணைப் பறிக்கும் நிறம், பார்த்ததும் மனசு போய்விடுகிறது. அடுத்து அந்த நிறத்துக்குத் தோதான ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் கவை. கையில் ஏதாவது மிஞ்சினால் பிரேக். இந்த வரிசையே முதல் தவறு. பிரேக் கட்டை ரிம்மை எட்டுமா எட்டாதா என்பதை ஃபோர்க்கும் ரிம்மும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஃபோர்க்கில் துளை இல்லாவிட்டால் பிரேக் மாட்ட இடமே கிடையாது. ரிம்மின் பக்கச் சுவர் சரியில்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து பிரேக் வாங்கினாலும் பிடிக்காது. மூன்றும் ஒரே முடிவு. அதை முன் பிரேக்கில் தொடங்கி எடுப்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

பெடலை நிறுத்தினாலும் சக்கரத்தைத் தனியே ஓட விடும் ப்ரீவீல் இந்த சைக்கிளில் கிடையாது. சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். காலால் எதிர்த்து அழுத்தினால் வேகம் குறையும். வெலோட்ரோம் என்னும் சரிவான ஓடுதளத்துக்காக உருவான வண்டி இது. ஜப்பானில் 1948-ல் கொக்குராவில் தொடங்கிய கெய்ரின் பந்தயம் இன்றும் பிரேக் இல்லாத சைக்கிளில்தான் நடக்கிறது. அங்கே எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள், குறுக்கே யாரும் வருவதில்லை. கூட்டமாக நெருங்கி ஓடும்போது ஒருவர் திடீரென பிரேக் பிடித்தால்தான் ஆபத்து. அந்த நியாயத்தை அப்படியே தெருவுக்குத் தூக்கி வருவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

வேகத்தைக் குறைக்கும்போது உடலின் எடை முன் சக்கரத்துக்குப் போகிறது, பின் சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரம் தரையை எவ்வளவு பிடிக்க முடியும்? காலை இறுக்கியதும் அது வழுக்கத் தொடங்கிவிடும். வழுக்கும் டயரின் பிடிமானம் உருளும் டயரின் பிடிமானத்தைவிடக் குறைவு. காய்ந்த தார்ச்சாலையில் பின் சக்கரத்தை மட்டும் நம்பினால் கிடைக்கும் வேகக்குறைப்பு, புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய கால் பங்கு. நல்ல முன் பிரேக் கிட்டத்தட்ட அதன் இரு மடங்கைத் தரும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு இதன் அர்த்தம்: முன் பிரேக் இருந்தால் 5 மீட்டரில் நிற்கலாம், இல்லாவிட்டால் 10 மீட்டர் வேண்டும். ஆபத்தைக் கண்டு மனம் சுதாரிக்கும் நேரத்தில் ஓடிவிடும் தூரம் இதில் சேராது. ஸ்கிட் அடிக்க, அதாவது காலை இறுக்கிப் பின் சக்கரத்தை வழுக்க விட்டு வேகம் குறைக்க, தெரியும் என்பதால் பிரேக் தேவையில்லை என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கால் எவ்வளவு பழகியதாக இருந்தாலும் இந்த எல்லை மாறாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பிரிட்டனின் 1983-ம் ஆண்டு விதிகள் ஃபிக்ஸட் பின் சக்கரத்தை ஒரு பிரேக்காக ஏற்றுக்கொள்கின்றன, ஆனால் முன் சக்கரத்துக்குத் தனி பிரேக் கட்டாயம். 2016-ல் லண்டனில் முன் பிரேக் இல்லாத ஓடுதள சைக்கிள் மோதி, சாலையைக் கடந்த ஒரு பெண் இறந்தார். ஓட்டிய இளைஞருக்கு அடுத்த ஆண்டு 18 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஜப்பான் இன்னும் கறார்: தெருவில் ஓடும் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் பிரேக் வேண்டும், மணிக்கு 10 கி.மீ. வேகத்திலிருந்து 3 மீட்டருக்குள் நிற்க வேண்டும். கெய்ரின் பிறந்த நாட்டிலேயே தெருவுக்கு இதுதான் விதி.

பிரேக்: எட்டுமா என்று அளக்காமல் வாங்குவது

ரிம்மை இரு பக்கமும் கிடுக்கி போலப் பிடிக்கும் காலிப்பர் பிரேக்குக்கு எட்டும் தூரம் என்று ஒன்று உண்டு. ஃபோர்க்கின் பிரேக் துளையின் நடுவிலிருந்து, ரிம்மில் கட்டை படும் பட்டையின் நடு வரை நேராக அளந்தால் வரும் தூரம் அது. ரேஸ் சைக்கிள்களின் காலிப்பர் பிரேக் பொதுவாக 39 முதல் 49 மி.மீ. வரை எட்டும். அடுத்த ரகம் 47 முதல் 57 வரை. அதற்கும் மேல் 55 முதல் 73 வரை எட்டுவதும் உண்டு. பெட்டியில் எழுதியிருக்கும் இந்த எண்ணைப் பார்க்காமல் அழகைப் பார்த்து வாங்கினால், கட்டை டயரில் உரசும் அல்லது ரிம்மைத் தாண்டி ஸ்போக் பக்கம் இறங்கும். முதலாவது நடந்தால் டயர் கிழியும். இரண்டாவது இன்னும் மோசம்.

பழைய 10 கியர் ரோடு சைக்கிளை ஃபிக்ஸடாக மாற்றுகிறவர்கள் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். 1970-களின் பல ஃபிரேம்கள் 27 இன்ச் வீலுக்காகச் செய்யப்பட்டவை. அந்த ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ. இன்று கிடைக்கும் 700சி ரிம்மில் அது 622. வித்தியாசம் விட்டத்தில் 8 மி.மீ. என்றால், பிரேக் கட்டை இன்னும் 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். குட்டை பிரேக்குக்கு அந்த 4 மி.மீ. எட்டாமல் போகலாம். அதற்காக இருப்பதிலேயே நீளமானதை வாங்கிவிடக் கூடாது. பிரேக்கின் கை நீள நீள நெம்புகோல் பலம் குறையும். தேவையான அளவுக்கு எட்டினால் போதும்.

போல்ட்டும் இரண்டு வகை. பழைய ஃபோர்க்கில் முன்னும் பின்னும் 6 மி.மீ. துளை, வெளியே நட் போட்டு இறுக்குவது. புதிய பிரேக்கின் குழல் நட் உள்ளே போக, ஃபோர்க்கின் பின்பக்கத் துளை 8 மி.மீ. இருக்க வேண்டும். இன்னொன்று: முன் பிரேக்கின் போல்ட் நீளம், பின் பிரேக்கின் போல்ட் குட்டை. மலிவாகத் தனியாகக் கிடைக்கிறதே என்று பின் பிரேக்கை வாங்கி முன்னால் மாட்டினால் நட்டில் மரை போதுமான அளவு பிடிக்காது. உயிரைத் தாங்கும் இடத்தில் நாலு மரையில் தொங்கும் பிரேக் வேண்டாம்.

லிவர் விஷயத்தில் சுருக்கமாக: வி-பிரேக் (ஃபோர்க் கால்களில் மாட்டும் நீளக் கை பிரேக்) லிவர் கேபிளை அதிகம் இழுக்கும், காலிப்பருக்கான லிவர் குறைவாக இழுக்கும். வி-பிரேக் லிவரோடு காலிப்பரைச் சேர்த்தால் லிவர் கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. லிவரின் பட்டையும் பொருந்த வேண்டும். நேரான ஹேண்டில்பாரின் பிடி 22.2 மி.மீ., வளைந்த ரேஸ் பாரில் 23.8. அப்புறம் லிவரை எங்கே வைப்பது? கை அதிக நேரம் இருக்கும் இடத்தில். வளைந்த பாரின் கீழே பிடித்து ஓட்டுகிறவர் மேல்பக்கம் மட்டும் லிவர் வைத்தால், அவசரத்தில் கையை மாற்றும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஃபோர்க்: துளையும் சாய்வும்

சுத்தமான ஓடுதள ஃபோர்க்கில் பிரேக் துளை இருக்காது. “டிரில் போட்டால் ஆச்சு” என்ற யோசனையை நிறையப் பேர் சொல்வார்கள். கார்பன் ஃபோர்க் என்றால் அந்தப் பேச்சே வேண்டாம். துளைக்காக அடுக்கு வைக்காத இடத்தில் நாரை வெட்டினால் அது எப்போது பிளக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்டீல் ஃபோர்க்கிலும் துளைக்கான சதை கிரவுனில் (இரு காலும் மேலே சேரும் இடத்தில்) இருக்கிறதா என்பதை ஃபிரேம் செய்கிறவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். துளை உள்ள ஃபோர்க் எளிதாகக் கிடைக்கும்போது இந்த ஆபத்தை விலைக்கு வாங்குவானேன்?

அடுத்த தவறு கண்ணுக்கே தெரியாதது, அதனால்தான் அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபோர்க்கின் கீழ்ப்பகுதி முன்னோக்கி எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதற்கு ரேக் என்று பெயர். ரோடு ஃபோர்க்கில் 43 முதல் 45 மி.மீ. சாதாரணம். ஓடுதள ஃபோர்க்கில் 30 பக்கம் வரும். ஓடுதள ஃபிரேமில் ஃபோர்க் நுழையும் தலைக்குழாய் 74, 75 டிகிரி என்று நிமிர்ந்து நிற்பதால் அந்தக் குறைந்த ரேக் அங்கே பொருந்துகிறது. ஹேண்டில் எவ்வளவு கனமாக, நிதானமாகத் திரும்பும் என்பதில் பெரிய பங்கு டிரெயில் என்ற தூரத்துக்கு உண்டு. ஃபோர்க் திரும்பும் அச்சுக் கோட்டை நீட்டினால் தரையில் படும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள இடைவெளி அது. 25 மி.மீ. டயர் போட்ட 700சி வீலுக்குக் கணக்குப் போட்டால், 73 டிகிரி ரோடு ஃபிரேமில் 45 ரேக்குக்கு டிரெயில் சுமார் 56 மி.மீ. 75 டிகிரி ஓடுதள ஃபிரேமில் 30 ரேக்குக்கு சுமார் 59. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் அந்த 30 ரேக் ஃபோர்க்கை 73 டிகிரி ரோடு ஃபிரேமில் மாட்டினால் டிரெயில் 71-க்குப் போய்விடும். மெதுவாகப் போகும்போது ஹேண்டில் ஒரு பக்கமாக விழுவது போலிருக்கும். “ஓடுதள ஃபோர்க் போட்டால் வண்டி சுறுசுறுப்பாகும்” என்று நம்பி வாங்கியவருக்குக் கிடைப்பது நேர் எதிர்.

கூடவே இன்னொரு தொல்லை. ரேக் 15 மி.மீ. குறைந்தால் முன் சக்கரமும் கிட்டத்தட்ட அதே அளவு காலுக்கு நெருங்கும். மெதுவாகத் திரும்பும்போது ஷூவின் நுனி டயரில் இடிக்கும். ப்ரீவீல் உள்ள சைக்கிளில் பெடலை நிறுத்தி வைத்துத் தப்பிக்கலாம். இதில் பெடலை நிறுத்த முடியாது, திருப்பம் முடிவதற்குள் கால் முன்னே வந்தே தீரும். நெரிசலில் ஓட்டுகிறவர்களுக்கு இது தினசரிப் பிரச்சினை. சின்ன ஃபிரேம்களில் இன்னும் அதிகம்.

ஃபோர்க்கின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். பழையதைவிட 20 மி.மீ. நீளமான ஃபோர்க் போட்டால் தலைக்குழாய் ஏறக்குறைய ஒரு டிகிரி பின்னால் சாயும். கொஞ்சம் அகலமான டயர் போடலாமே என்று சைக்ளோகிராஸ் (மண், புல் பாதைப் பந்தயம்) ஃபோர்க் வாங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஃபோர்க்கின் மேலே தலைக்குழாய்க்குள் போகும் ஸ்டீரர் குழாய் பழைய ஃபிரேமில் ஒரு அங்குலம், புதியதில் பெரும்பாலும் 1⅛ அங்குலம். ஒரு அங்குலத்திலும் கிரவுனில் பால்ரஸ் வளையம் உட்காரும் இடம் 26.4, 27.0 என்று இரண்டு அளவில் வரும். பழைய ஜப்பானிய ஃபிரேம்களில் 27.0 அதிகம். வெர்னியர் அளவுகோல் கையில் இல்லாமல் இதை வாங்கப் போகாதீர்கள்.

வீல்: ரிம், ஹப், மரை

அளவில் முதலில் எச்சரிக்கை. டயரில் அச்சடித்த இன்ச் கணக்கை நம்பக் கூடாது. 700சி டயருக்கு ஐரோப்பாவில் 28 இன்ச் என்றும் பெயர் உண்டு. நம் ஊர் பெரிய சைக்கிளின் 28 இன்ச் வேறு, அதன் விட்டம் 635 மி.மீ. டயரின் பக்கத்தில் 25-622 என்பது போல இரண்டு எண் இருக்கும். அந்த இரண்டாவது எண் ரிம்மின் எண்ணோடு ஒத்துப்போனால்தான் டயர் சேரும்.

முன் ரிம்மின் பக்கச் சுவர் கடைந்து, வெள்ளியாகத் தெரிய வேண்டும். முழுக்க பெயிண்ட் பூசிய ரிம் பிரேக்குக்கு ஆகாது. கட்டை பெயிண்ட்டைத் தின்னும், மழையில் பிடிப்பு இல்லாமல் போகும், கொஞ்ச நாளில் ரிம்மும் சொறி பிடித்தது போலாகிவிடும். நிறம் வேண்டும் என்றால் பின் வீலில் வைத்துக்கொள்ளலாம், அங்கே கட்டை படாது. காற்று பலமாக வீசும் ஊரில் முன்னால் ரொம்ப ஆழமான ரிம் வேண்டாம். பக்கக் காற்று ஹேண்டிலைத் தள்ளும்.

இப்போது எல்லாவற்றிலும் அபாயமான தவறு. ஃபிக்ஸட் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், இரண்டு மரை இருக்க வேண்டும். பல்சக்கரம் வழக்கமான வலது மரையில் ஏறும். அதன் வெளியே, கொஞ்சம் சிறிய விட்டத்தில் இடது மரை, அதில் பல்சக்கரத்தைப் பூட்டும் வளையமான லாக்ரிங். காலால் எதிர்த்து அழுத்தும்போது பல்சக்கரம் கழலப் பார்க்கும். அது நகரும் திசை லாக்ரிங்கை இறுக்கும் திசை. அதனால் கழல முடியாது. சாதாரண ப்ரீவீல் ஹப்பில் வலது மரை மட்டும்தான். அதன் அளவும் ஃபிக்ஸட் பல்சக்கரத்தின் அளவும் ஒன்றே, 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. அதனால் பல்சக்கரம் அழகாக ஏறிவிடும். கிராங்க் அச்சின் லாக்ரிங்கும் அதே மரை என்பதால் அதையும் மேலே இறுக்கி, மரைப் பசை தடவி, “ஃபிக்ஸட் ரெடி” என்கிறார்கள். இறக்கத்தில் காலை எதிர்த்து அழுத்தும் நொடியில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து கழலலாம். முன் பிரேக்கும் இல்லாதவருக்கு அப்போது கையில் எதுவும் இல்லை. ஆங்கிலம் பேசும் ஓட்டிகள் இதைத் தற்கொலை ஹப் என்றே அழைக்கிறார்கள். பழைய வீலை மாற்றிப் பணம் மிச்சம் பிடிக்க எத்தனையோ வழி இருக்கிறது, இது மட்டும் வேண்டாம்.

ஹப் அகலம் ஓடுதள ஃபிரேமில் 120 மி.மீ. பழைய ரோடு ஃபிரேமில் 120 அல்லது 126, அதற்குப் பிந்தைய ரிம் பிரேக் ஃபிரேமில் 130. 126-ல் 120 ஹப்பை வைத்து நட்டால் நெரித்து மூடக் கூடாது. அச்சு நீளம் போதுமானால் இரு பக்கமும் 3 மி.மீ. வாஷர் போடுங்கள். செயின் நேராக ஓட, பின்னால் நடுக்கோட்டிலிருந்து பல்சக்கரம் வரை வழக்கமான தூரம் 42 மி.மீ. முன் பல்சக்கரமும் அதற்கு நேராக வர வேண்டும். வீலின் அச்சு உட்காரும் ஃபிரேமின் பின்முனைக் காடி நேர்க்குத்தாக இருந்தால் வீலைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்க முடியாது. அதற்காகச் செயினை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் டென்ஷனர் மாட்டுகிறவர்கள் உண்டு. எதிர்த்து அழுத்தும்போது முழு பலமும் கீழ்ச் செயினில் வரும், டென்ஷனர் தாங்காது. அந்த ஃபிரேமை ப்ரீவீலோடு ஓட்டுவதே நல்லது.

ஸ்கிட் அடிக்கிறவர்கள் பல் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். முன்னால் 48 பல், பின்னால் 16 என்றால் சரியாக மூன்று மடங்கு. ஒரே காலை முன்னால் வைத்து ஸ்கிட் அடிக்கும்போது டயரின் ஒரே இடம் திரும்பத் திரும்பத் தேயும். 48-க்கு 17 போட்டால் தேய்மானம் 17 இடங்களில் பிரியும்.

இரு பக்கமும் மரை உள்ள ஃபிளிப்-ஃபிளாப் ஹப் வாங்கினால், ஒரு பக்கம் ஃபிக்ஸட், மறுபக்கம் ப்ரீவீல். வீலைத் திருப்பிப் போட்டதும் காலால் நிறுத்தும் வசதி போய்விடும். முன் பிரேக் மட்டும் வைத்திருப்பவர் அந்த நேரத்தில் ஒரே கேபிளை நம்பி ஓட்டுகிறார். ப்ரீவீல் பக்கத்தைப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், ஃபிரேம் வாங்கும்போதே பின் பிரேக்குக்கான துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.