வாடகைக்கு எடுத்த ஆவணப்படத்துக்குக் குறிப்பு எழுதுவது எப்படி

யூடியூபில் வாடகைக்கு எடுத்த படத்தைப் பெரும்பாலும் 30 நாளுக்குள் தொடங்க வேண்டும். தொடங்கினால் 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். ஆகவே இரண்டு முறை பார்க்க நேரம் இருக்கும்போது மட்டும் பிளே பொத்தானை அழுத்துங்கள். பணம் கட்டுமுன் சப்டைட்டில் எந்த மொழியில் இருக்கிறது என்று பாருங்கள்.

முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள். மனதைத் தொட்ட இடத்தில் நேரத்தை மட்டும் குறியுங்கள்: "0:42:10, தாயின் மௌனம்". ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், நகல் தடுப்பு இருப்பதால் பல கருவிகளில் அது கறுப்பாகவே விழும். முடிந்ததும், பிறர் விமர்சனத்தைத் திறக்குமுன், ஐந்து வரி எழுதிவிடுங்கள். பிறர் சொல் ஒருமுறை காதில் விழுந்தால் சொந்த எண்ணத்தைப் பிரித்தெடுப்பது கடினம்.

மறுநாள் குறித்த இடங்களை மட்டும் பாருங்கள். ஆவணப்படத்தில் முக்கியமான வேலை இதுதான்: எது நேரில் படம்பிடித்தது, எது பழைய காட்சி, எது நடித்துக் காட்டியது? 1922இல் வந்த 'நானூக் ஆஃப் த நார்த்' ஆவணப்படத்தில் பனிவீட்டுக்குள் நடக்கும் காட்சியை, உள்ளே வெளிச்சம் போதாததால், பாதி திறந்த பனிவீடு ஒன்றைக் கட்டித்தான் எடுத்தார்கள். அது தெரிந்தபின் அந்தக் காட்சியின் நெருக்கம் வேறாகத் தெரியும். யார் பேசவே இல்லை என்பதையும் எழுதுங்கள். சந்தேகமான இடத்தில் ஒலியை அணைத்துப் பாருங்கள். கண் கலங்கவைத்தது காட்சியா, இசையா என்பது உடனே பிடிபடும்.

கதைச் சுருக்கம் மூன்று வரிக்கு மேல் வேண்டாம். "அருமை" என்று எழுதினால் பக்கத்திலேயே நேரக்குறிப்பு இருக்கட்டும்.