கப்பலில் நமக்கு மட்டும் சலுகை, கூட வந்தவர்களுக்கு இல்லை: என்ன செய்வது?

சென்ற ஆண்டு ஜூன் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுக் கப்பல் பயணம் போனோம். ஒன்பது பேர், மூன்று அறைகள். நாங்கள் மூவர், தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அம்மாவும் பெரியம்மாவும், கொழுந்தன் குடும்பத்தில் நான்கு பேர். அடிக்கடி பயணம் செய்பவர்களுக்குக் கப்பல் நிறுவனம் தரும் உறுப்பினர் சலுகைகள் எங்கள் அறைக்கு மட்டும்தான். அதைப் பற்றி முன்கூட்டி யாரிடமும் நான் பேசவில்லை. கப்பல் கிளம்பும் முன்பே அதனால் ஒரு மனத்தாங்கல் வந்துவிட்டது.

பந்தியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் இலையில் மட்டும் கூடுதலாக ஒரு வடை விழுந்தால் பக்கத்து இலைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் பார்ப்பார். பந்தி வஞ்சனை என்று அதற்குப் பேரே வைத்திருக்கிறோம். கப்பலில் பரிமாறுவது நாம் இல்லை, நிறுவனம்தான். ஆனாலும் வடை விழுகிற இலை நம்முடையது.

அந்தப் பயணத்தில் தவறியதையும் அதற்குப் பிறகு போன இரண்டு பயணங்களில் சரிசெய்துகொண்டதையும் படிப்படியாக எழுதுகிறேன். அறை எடுப்பது, செயலியில் பெயர் பதிவது போன்றவை எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்பதால் அவற்றைத் தொடவில்லை.

படி 1: உங்கள் சலுகை யாருக்குச் சேரும், யாருக்குச் சேராது என்று எழுதிவையுங்கள்

சலுகைகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகின்றன. ஒன்று, எத்தனை இரவு பயணம் செய்திருக்கிறோம் என்ற கணக்கில் வருவது. மற்றொன்று, எடுத்த அறையின் தரத்தைப் பொறுத்தது.

முதல் வகைக்கு ராயல் கரீபியன் நிறுவனத்தின் கிரவுன் அண்ட் ஆங்கர் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. சாதாரண அறையில் ஓர் இரவுக்கு ஒரு புள்ளி, சூட் எனப்படும் பெரிய, உயர்தர அறையில் இரண்டு. 80 புள்ளி சேர்ந்தால் டைமண்ட் நிலை, 175 சேர்ந்தால் டைமண்ட் பிளஸ், 700 சேர்ந்தால் பினாக்கிள். இங்கிருந்து கிளம்புபவை பெரும்பாலும் மூன்று, நான்கு இரவுப் பயணங்கள்தான். அதனால் 80ஐ எட்டவே குறைந்தது இருபது முறை போகவேண்டும். நானும் கணவரும் பல ஆண்டுகளாகப் போகிறோம். 2020 டிசம்பரில் குவாண்டம் ஆஃப் த சீஸ் கப்பல் எந்த ஊரிலும் நிற்காமல் கடலைச் சுற்றிவரும் பயணங்களைத் தொடங்கியதே, அப்போது கூடுதலாகச் சில முறை போனோம். அப்படிச் சேர்ந்தவைதான் எங்கள் புள்ளிகள்.

ஒரே முகவரியில் வசிக்கும் கணவன் மனைவிக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அந்த நிலை பொருந்தும். அம்மாவுக்குப் பொருந்தாது, கொழுந்தனுக்கும் பொருந்தாது. நம் வீடுகளில் குடும்பம் என்ற சொல்லுக்குள் வருகிற பாதிப்பேர் நிறுவனத்தின் கணக்கில் வெளியாட்கள். இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாச் சங்கடத்துக்கும் இதுவே மூலம்.

இரண்டாம் வகைக்கு கெந்திங் டிரீம் கப்பலின் பேலஸ் பகுதியைச் சொல்லலாம். சூட் அறை எடுத்தவர்களுக்குத் தனி உணவகம், தனி நீச்சல்குளம், பட்லர் சேவை எல்லாம் உண்டு. மற்ற அறைக்காரர்கள் அந்தப் பகுதிக்குள் வர இயலாது.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். எனக்குச் சாதாரண நோட்டுப் புத்தகம்தான் பிடிக்கும், மொய் நோட்டு மாதிரி. கைப்பேசி விரிதாளைப் பெரியவர்கள் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். ஒவ்வொரு சலுகைக்கும் பக்கத்தில், "எல்லாருக்கும் கொடுக்கலாம்", "எனக்கு மட்டும்", "கேட்டுப் பார்க்கலாம்" என்ற மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். அறைக்கு அனுப்பிவைக்கும் பழத்தட்டு, இனிப்பு எல்லாம் முதல் வகை. உறுப்பினர்களுக்கென்று இருக்கும் தனி ஓய்வறையான லவுஞ்சுக்குள் நுழைவது இரண்டாவது. கப்பலேறும் முன்னுரிமை வரிசை மூன்றாவது.

படி 2: ஏறுவதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்

கப்பலில் ஏறிய பிறகு சொன்னால் பெருமை பேசுவதாகத் தெரியும். சொல்லாமலே விட்டால் மறைத்ததாகத் தெரியும். ஒரு வாரம் முன்பு சொன்னால் அது வெறும் தகவல். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் இப்போது அனுப்பும் செய்தி இது:

"எங்க பழைய பயணக் கணக்குல லவுஞ்ச் ஒண்ணு, தினமும் நாலு டிரிங்க்ஸ் கூப்பன் வருது. கார்டுல எங்க பேரு இருக்கறதால வேற யாரையும் கூட்டிட்டுப் போக முடியாது. காலையில காப்பிக்கு மட்டும் நாங்க போவோம். சாயங்காலம் எல்லாரும் ஒண்ணாத்தான் இருப்போம். ராத்திரிச் சாப்பாடு ஒரே மேசை."

இதில் கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் முக்கியம். சலுகை என்னவென்று கேட்பதைவிட, உங்கள் நேரம் எங்களுக்கு உண்டா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள், வாய்விட்டுக் கேட்காவிட்டாலும்.

ஒரே மேசை என்று எழுதிவிட்டால் அதற்கான வேலையையும் செய்யவேண்டும். மூன்று அறைகளின் முன்பதிவு எண்களையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லி முகவரிடமோ நிறுவனத்திடமோ கேளுங்கள். எல்லாருக்கும் ஒரே சாப்பாட்டு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். இந்தியச் சைவ உணவு வேண்டுமென்றால் அதையும் அப்போதே பதிந்துவிடுங்கள்.

படி 3: கப்பலேறும் நாள்

இந்தப் படியில்தான் நான் தவறினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மரினா சவுத் பியர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, மரினா பே கப்பல் முனையத்துக்கு ஒன்பது பேரும் ஒன்றாகத்தான் போனோம். உள்ளே போனதும் எங்கள் சீட்டைப் பார்த்த ஊழியர், முன்னுரிமை வரிசைக்கு வாருங்கள் என்று எங்கள் மூவரையும் அழைத்தார். "நீங்க போங்க அண்ணி, நாங்க பின்னாடியே வர்றோம்" என்றார் கொழுந்தன். நானும் போய்விட்டேன். பத்தே நிமிடத்தில் எல்லாம் முடிந்து உள்ளே சென்றுவிட்டோம்.

பொது வரிசையில் அம்மாவும் பெரியம்மாவும் முகப்புக்கு வந்தபோது விசாவைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். இருவருக்கும் இந்தியக் கடப்பிதழ். கப்பல் பயணம் என்பது சிங்கப்பூரை விட்டு வெளியே போய்த் திரும்பி வருவதுதான், ஆகவே மறுபடியும் நுழைய அனுமதிக்கும் விசா இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கேட்டதில் எந்தத் தவறும் இல்லை. விசாவும் சரியாகவே இருந்தது. ஆனால் அது என் கைப்பேசியில் இருந்தது, நான் குடிநுழைவைத் தாண்டி உள்ளே இருந்தேன். கொழுந்தன் அழைத்து, நான் பார்த்து, அனுப்பி, அதற்குள் அரை மணி நேரம். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. அவ்வளவு நேரமும் நின்றுகொண்டே இருந்திருக்கிறார்.

கப்பலுக்குள் வந்த பிறகு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "ஒனக்குத்தான் தனி வழி இருக்கே" என்று மட்டும் பெரியம்மா சொன்னார். அன்று முழுக்க அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

இப்போது நான் செய்வது இதுதான். முன்னுரிமை வரிசைக்குள் காலை வைக்கும் முன், வாசலில் நிற்கும் ஊழியரிடம், "நாங்கள் மொத்தம் ஒன்பது பேர், இரண்டு பேர் வயதானவர்கள், சேர்ந்து வரலாமா?" என்று ஒரே ஒரு முறை கேட்பேன். சரி என்றால் எல்லாரும் போவோம். முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு எல்லாரும் பொது வரிசைக்கே போவோம், வாதாடுவதில்லை. கூட்டம் மிக அதிகமாக இருந்தால் கணவரும் மகனும் மட்டும் முன்னால் போவார்கள், நான் பெரியவர்களோடு நிற்பேன். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலியை முன்கூட்டியே கேட்டுவைக்கலாம். அதற்கு உறுப்பினர் நிலை எதுவும் தேவையில்லை.

இன்னொன்று. ஒவ்வொருவருடைய கடப்பிதழ், விசா, ஏறும் சீட்டு ஆகியவற்றின் அச்சுப் பிரதி அவரவர் கைப்பையிலேயே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே கைப்பேசியில் வைப்பது வசதிதான், ஆனால் வரிசை பிரிந்தால் அந்த வசதி போய்விடும்.

படி 4: லவுஞ்சும் பானங்களும்

டைமண்ட் நிலைக்கு ஒரு நாளைக்கு நான்கு பானங்கள், டைமண்ட் பிளஸுக்கு ஐந்து, பினாக்கிளுக்கு ஆறு. எல்லாம் அறை அட்டையிலேயே ஏறிவிடும். மதுவுக்குத்தான் பயன்படுத்தவேண்டும் என்றில்லை. நுரை ததும்பும் கப்புச்சீனோ, பழச்சாறு, புட்டித் தண்ணீருக்கும் செல்லும். மது அருந்தாத நண்பர்கள் பலர் இது தெரியாமலே அந்தச் சலுகையை விட்டுவிடுகிறார்கள்.

நம் ஆட்களுக்கு உடனே தோன்றுவது, என் அட்டையில் இருப்பதைத் தம்பிக்கு வாங்கித் தரலாமே என்பதுதான். நல்ல மனம்தான், ஆனால் வேண்டாம். அந்தச் சலுகை உறுப்பினரின் சொந்தப் பயனுக்கு உரியது. அட்டையைக் கை மாற்றிக் கொடுத்தால், அதை மறுக்கவேண்டிய தர்மசங்கடம் மதுக்கூட ஊழியருக்குத்தான். நமக்கு உதவுகிற ஒருவரை அந்த இடத்தில் நிறுத்தக்கூடாது.

சலுகையைப் பகிர முடியாது, ஆனால் அதனால் மிச்சமான காசைப் பகிரலாம். பானங்களுக்கு ஒதுக்கியிருந்த பணத்தை எடுத்து, மூன்றாம் நாள் இரவு ஒன்பது பேரையும் கட்டண உணவகத்துக்கு அழைத்துப் போனோம். யாருக்கும் கணக்குச் சொல்லவில்லை, "இன்னைக்கு எங்க முறை" என்று மட்டும் சொன்னோம். அறைக்கணக்கில் நிறுவனம் போட்டுத்தரும் செலவுத்தொகை இருந்தால் அதையும் இப்படிக் குடும்பப் படத்துக்கோ எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவதற்கோ செலவழிக்கலாம். மற்ற பொதுச் செலவுகளை நோட்டில் எழுதி, கடைசி இரவே பேநவ் (சிங்கப்பூரில் கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் வசதி) மூலம் தீர்த்துவிடுங்கள். கரைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட கணக்கு தீபாவளிவரை இழுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

லவுஞ்சுக்குக் காலையில் போவதே என் விருப்பம். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், பெரியவர்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். அந்த அரை மணி நேரம் யாரிடமிருந்தும் எடுத்த நேரம் அல்ல. மாலையில் லவுஞ்ச் இன்னும் நன்றாக இருக்கும், உண்மைதான். ஆனால் எல்லாரும் குளித்து, நல்ல உடை உடுத்தி, மேல்தளத்தில் சூரியன் இறங்குவதைப் பார்க்க வருகிற நேரமும் அதுதான். அப்போது நாம் மட்டும் ஒரு கதவுக்குப் பின்னால் போனால் அது எல்லார் கண்ணிலும் படும்.

மதுபானத் தொகுப்பு (ஒரே கட்டணத்தில் பயணம் முழுக்கப் பானங்கள் தரும் திட்டம்) வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு: ராயல் கரீபியனில், ஓர் அறையில் வயதுவந்த ஒருவர் அதை வாங்கினால் அதே அறையிலுள்ள மற்ற வயதுவந்தவர்களும் வாங்கவேண்டும் என்பது பொது விதி. மது தொடாத மாமனாரையும் தொகுப்பு வாங்கப்போகும் மகனையும் ஒரே அறையில் பதியாதீர்கள்.

படி 5: அறை உயர்வுக்கு ஏலம் கேட்கும் முன் கூட வருபவர்களைக் கேளுங்கள்

ஏலத்தொகை குறிப்பிட்டு, இருப்பதைவிட நல்ல அறைக்கு விண்ணப்பிக்கும் வசதி பல நிறுவனங்களில் உண்டு. கிடைத்துவிட்டால் பணம் அட்டையிலிருந்து போய்விடும், வேண்டாம் என்று திருப்பித் தர முடியாது. எந்தத் தளத்தில், எந்த மூலையில் அறை தருவார்கள் என்பதும் நம் கையில் இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று இரண்டு குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்தில் அறை எடுத்திருக்கும்போது ஒரு குடும்பம் மட்டும் நான்கு தளம் மேலே போய்விட்டால் மற்றவர்களுக்கு அது கைவிட்டதுபோல இருக்கும். "ஏலம் கேட்கலாம்னு இருக்கோம், ஒங்களுக்குச் சரியா?" என்று முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அம்மா அப்பாவுக்கு நல்ல அறை கொடுக்கவேண்டும் என்றால் தொடக்கத்திலேயே அதை அவர்கள் பெயரில் பதிவதுதான் சரி. ஏறிய பிறகு ஆள் மாற்றிப் படுத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அவசர காலத்தில் யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்பது கப்பலுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

படி 6: சலுகை உள்ளவரோடு நீங்கள் போகிறீர்கள் என்றால்

"ஒரு தடவை மட்டும் உள்ளே கூட்டிட்டுப் போயேன்" என்று கேட்காதீர்கள். முடிந்தால் அவர்களே அழைப்பார்கள். அவர்கள் லவுஞ்சுக்குப் போகும்போது நல்ல முகத்தோடு போய்வரச் சொல்லுங்கள். அதற்காக அவர்கள் பல ஆண்டு பணமும் நேரமும் செலவழித்திருக்கிறார்கள்.

பிற்சேர்க்கை 1: கப்பலின் சூதாட்டக் கூடமான கேசினோவில் விளையாடுவதற்காக இலவச அறை பெற்ற நண்பர் அழைத்தால் என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தீர்கள். அறை இலவசம் என்றாலும் துறைமுக வரியும் ஊழியர்களுக்கான சேவைக் கட்டணமும் பெரும்பாலும் தனியாகக் கட்டவேண்டியிருக்கும். உங்கள் பங்கை நீங்களே முன்வந்து கட்டிவிடுங்கள். நண்பர் விளையாடப் போகும் நேரத்துக்கு உங்களுக்கென்று தனியாக ஏதாவது திட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 2: வாசகி ஒருவர் சொன்ன சிக்கல் எனக்குத் தோன்றாதது. பிள்ளைகள். எங்கள் மகன் லவுஞ்சுக்கு வரலாம், கொழுந்தனின் மகள்கள் வர முடியாது. பெரியவர்களுக்கு விளக்கிச் சொல்லிவிடலாம், எட்டு வயதுக் குழந்தைக்கு விளக்க முடியாது. சென்ற டிசம்பர் பயணத்தில் மகனை லவுஞ்சுக்கு அழைத்துப் போகவே இல்லை. காரணத்தைச் சொன்னதும் அவனே சரி என்றான். அறைக்கு வந்த இனிப்புத் தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு தங்கைகளின் அறைக்கதவைத் தட்டப் போய்விட்டான்.