விடுதிக்குப் போகும் பெட்டி: பூட்டு, பெயர், கைக்காசு

நாங்கள் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பம். மகள் படிப்பது புதுச்சேரியில், விடுதியில் தங்கி. பள்ளி திறக்கும் சமயத்தில் தெரிந்தவர்கள் எல்லாம் என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்தப் பட்டியலைப் பள்ளியே கொடுத்துவிடும். வாங்கிக் கொடுத்தது லீவுக்கு முழுசாய் வீடு திரும்புவதுதான் பெரும்பாடு. விடுதியில் களவு போவதைவிட மாறிப் போவதுதான் அதிகம்.

பெட்டி

தகர டிரங்குப் பெட்டிதான் என் கட்சி. டிராலி பையின் ஜிப்பைப் பேனா முனையால் குத்திப் பிளந்துவிடலாம். ஓட்டியை இழுத்துவிட்டால் திரும்ப மூடிக்கொள்ளும், பூட்டு தொங்கியபடியே இருக்கும். டிரங்குப் பெட்டியைத் தரையில் வைக்க விடாதீர்கள், அடியில் நாலு செங்கல் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நம் பக்கம் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. 2011 ‘தானே’ புயல், 2024 ஃபெஞ்சல் புயல் இரண்டையும் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். ஆதார் ஒரிஜினல் வீட்டில் இருக்கட்டும், நகல் போதும்.

பூட்டு

பித்தளைப் பூட்டு வாங்குங்கள். இரும்பு உப்புக்காற்றுக்குத் தாங்காது. சாவி இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்; தூசி சேர்ந்து இன்னும் மோசமாகும். பென்சில் முனையைச் சுரண்டி அந்தத் தூளைப் போட்டால் போதும். மூன்று இலக்க நம்பர் பூட்டு வேண்டவே வேண்டாம். 000 முதல் 999 வரை மொத்தம் ஆயிரம் எண்தான், சும்மா இருக்கும் பிள்ளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். ஒரு சாவி பிள்ளையிடம், இன்னொன்று ஒட்டிய கவரில் பெயர் எழுதி வார்டனிடம்.

பெயர் போடுவது

இதற்கு ஒரு முழு சாயங்காலம் ஒதுக்குங்கள். பெயர் மட்டும் எழுதினால் பிரயோஜனமில்லை, ஒரே அறையில் இரண்டு காவ்யா இருப்பார்கள். வகுப்பு ரோல் நம்பரும் வருஷா வருஷம் மாறும். அட்மிஷன் நம்பர் மாறாது, அதைப் போடுங்கள்.

வெள்ளைத் துணியில் மார்க்கர் பேனா சரி. எழுதிக் காய்ந்ததும் மேலே ஒரு துணி போட்டு இஸ்திரி போடுங்கள், மை பிடித்துக்கொள்ளும். நீலப் பாவாடையிலும் கறுப்பு சாக்ஸிலும் எழுத்து தெரியாது. அதற்குப் பாவாடை நாடா. பருத்தி நாடாவாகப் பார்த்து வாங்குங்கள், நைலானில் மை ஊறாது. முழு நீளத்துக்கும் நம்பரை வரிசையாய் எழுதிக் காயவைத்து, இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்குங்கள். ஓரம் பிரியாமல் மடித்து, நாலு பக்கமும் தையுங்கள். இரண்டு முனையில் மட்டும் தைத்தால் துவைக்கிற கல்லில் அடிபட்டுக் கிழிந்து வந்துவிடும். பாவாடைக்கு இடுப்புப் பட்டையின் உள்பக்கம், சட்டைக்குக் காலருக்குக் கீழே. சாக்ஸ் என்றால் இரண்டுக்கும்!

பக்கெட், மக்கில் மார்க்கர் நிற்காது. காம்பஸ் முனையைச் சூடாக்கிக் கீறிவிடுங்கள்.

நகை

தங்கம் வேண்டாம். பாட்டி கோபித்துக்கொண்டாலும் வேண்டாம். காது தூர்ந்துவிடுமே என்றால் வேப்பங்குச்சி இருக்கிறது.

கைக்காசு

மொத்தமாகக் கொடுக்காதீர்கள். வார்டனிடம் கட்டி, வாரம் ஒரு முறை பிள்ளை கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும். பத்து, இருபது, ஐம்பதாக இருக்கட்டும். ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்தால் அறை முழுக்கத் தெரிந்துவிடும். சின்ன நோட்டில் நாலு பத்தி: தேதி, வந்தது, செலவு, மீதி. ஐந்தாவதாக 'கொடுத்தது' என்று ஒன்று போடச் சொல்லுங்கள். சிநேகிதிக்குக் கொடுத்த இருபது ரூபாயைத் திருப்பிக் கேட்கப் பிள்ளைகளுக்குக் கூச்சம். நோட்டைக் காட்டினால் கூச்சம் பாதி குறையும். வீட்டுக்கு வரும் பஸ் காசை இதில் சேர்க்காமல் தனியாக வையுங்கள்.

பத்து வயது நிறைந்திருந்தால் பிள்ளை பெயரிலேயே அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், ஆரம்பிக்க 500 ரூபாய். பொங்கலுக்குப் பெரியவர்கள் கொடுக்கும் காசு அங்கே போகட்டும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒரு அக்கா, மூக்குக் கண்ணாடிக்கு என்ன செய்வது என்று கேட்டார். கூட்டின் உள்ளே அதே நாடாத் துண்டை ஒட்டுங்கள். பவர் எழுதிய சீட்டை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்; உடைந்தால் பிள்ளை வரும்வரை காத்திராமல் இங்கேயே புதுசு போட்டு, பார்க்கப் போகும்போது கொண்டுபோகலாம்.