வளவுக் குருவிகளுக்குக் கூட்டுப்பெட்டி: பலகை வெட்டுவதிலிருந்து குஞ்சு பறக்கும் வரை

ஒரு பெட்டியை அடித்து வேப்பமரத்தில் மாட்டிவிட்டால் வளவில் திரியும் குருவியெல்லாம் வந்து முட்டையிடும் என்று எண்ணித் தொடங்குபவர்கள்தான் அதிகம். பெட்டிக்குள் வருவது பொந்தில் கூடு கட்டும் இனங்கள் மட்டுமே. வன்னி வீட்டு வளவுகளில் வண்ணாத்திக்குருவி, மைனா, அடைக்கலக்குருவி, கிளி, ஆந்தை ஆகியவை அந்த வகை. கொண்டைக்குருவி, புலுனி, தேன்சிட்டு, தையற்குருவி ஆகியவை எவ்வளவு நேர்த்தியான பெட்டியையும் ஏறெடுத்துப் பார்க்கா. அவற்றுக்குச் செய்ய வேண்டியது வேறு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் அலகைப் பாருங்கள்

பலகை வாங்குமுன் ஒரு வாரம், காலை 6 மணியிலிருந்து 7 மணி வரை விறாந்தையிலோ கிணற்றடியிலோ அசையாமல் இருந்து பாருங்கள். குருவி அலகில் காய்ந்த புல், வேர், தும்பு என்று கொண்டுபோனால் கூடு கட்டுகிறது. புழுவையோ வெட்டுக்கிளியையோ விழுங்காமல் கவ்வியபடி திரும்பத் திரும்ப ஒரே பக்கம் பறந்தால் அங்கே குஞ்சு இருக்கிறது. கூட்டிலிருந்து வெளியே வரும்போது அலகில் சிறிய வெள்ளை உருண்டை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அது குஞ்சின் எச்சம். மெல்லிய சவ்வுப் பைக்குள் வருவதால் தாய் அதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்த் தூரத்தில் போட்டுவிடும். கூடு சுத்தமாக இருக்கும், வேட்டைப் பிராணிகளுக்கு இடமும் தெரியாது.

கூடு தேடுவது உங்கள் வளவுக்குள்ளேயே இருக்கட்டும். பக்கத்துப் பற்றைக்காட்டில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருந்தாலோ, துப்புரவு செய்த இடமா என்று நிச்சயமாகத் தெரியாவிட்டாலோ ஒரு அடியும் வைக்கவேண்டாம்.

வண்ணாத்திக்குருவிக்கு ஒரு பெட்டி

கறுப்பும் வெள்ளையுமாக, வாலை நிமிர்த்திக்கொண்டு விடியற்காலையில் கூரை முகட்டில் இருந்து பாடுவது இதன் ஆண். பெண்ணுக்குக் கறுப்பு வரவேண்டிய இடங்களில் சாம்பல் நிறம். பழகுவதற்கு எளிய குருவி என்பதால் தொடங்குபவர்கள் இதற்கே பெட்டி செய்வது நல்லது.

முக்கால் அங்குலத் தடிப்புள்ள பலகை வேண்டும். மரக்காலையில் வேம்பு அல்லது மலைவேம்பின் வெட்டுத்துண்டுகள் கேட்டு வாங்கலாம். முதிரையும் பாலையும் உறுதிதான், ஆனால் துளை போடாமல் ஆணி அடித்தால் பிளக்கும், பாரமும் கூட. ஒட்டுப்பலகை ஒரு மாரி மழைக்கே ஊதிவிடும். தகரப் பேணி, பிளாஸ்ரிக் போத்தல் இரண்டையும் மறந்துவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் அவற்றுக்குள் இருக்கும் குஞ்சு வெந்துவிடும்.

வெட்டவேண்டிய அளவுகள், அங்குலத்தில்:

பின்பலகை 6½ × 14
முன்பலகை 6½ × 10
பக்கப்பலகை இரண்டு, அகலம் 5. முன் உயரம் 10, பின் உயரம் 11 (மேல்விளிம்பு சரிவாக)
அடிப்பலகை 5 × 5
கூரை 8 × 8

முன்பலகையில் கீழிருந்து 7 அங்குல உயரத்தை மையமாக வைத்து 45 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ 1¾ அங்குல விட்டத்தில் ஒரு வட்டத் துளை. பெட்டியின் தலைவிதி இந்தத் துளையில்தான் இருக்கிறது. 2 அங்குலத்தைத் தாண்டினால் மைனா வந்து குடியேறிவிடும், முட்டையிருந்தால் தூக்கி எறிந்தும் விடும். வட்டம் வெட்டும் அலகு இல்லாவிட்டால் பென்சிலால் வட்டம் கீறி, கோட்டின் உட்புறமாகச் சிறு துளைகளை நெருக்கமாகப் போட்டு, நடுவைத் தட்டி எடுத்து, அரைவட்ட அரத்தால் கோடு வரை ராவுங்கள். விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தால் சிலாம்பு குத்தக்கூடாது. துளைக்குக் கீழே குச்சி எதுவும் பொருத்தவேண்டாம். குருவிக்கு அது தேவையில்லை; காகம் வந்து நின்று எட்டிப்பார்க்கத்தான் உதவும்.

முன்பலகையின் உட்புறத்தில், துளைக்குக் கீழே, வாளால் அரை அங்குல இடைவெளியில் ஐந்தாறு கீறல் போடுங்கள். சீவிய பலகையில் குஞ்சின் நகம் பிடிக்காது. கீறல் இல்லாவிட்டால் இறகு முளைத்த குஞ்சு துளைக்கு ஏறமுடியாமல் உள்ளேயே கிடந்து சாகும்.

அடிப்பலகையின் நான்கு மூலையிலும் கால் அங்குலத் துளை ஒவ்வொன்று போடுங்கள். அதைப் பக்கப்பலகைகளின் கீழ்விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே ஏற்றிப் பொருத்துங்கள். கீழ்விளிம்போடு சமமாக வைத்தால் வழிந்துவரும் மழைநீர் அடியில் சுவறிப் பலகை உக்கும். பின்பலகை மேலேயும் கீழேயும் நீண்டு நிற்கும்படி மற்றப் பலகைகளைப் பொருத்துங்கள். அந்த நீட்டில்தான் கம்பி கட்டவேண்டும்.

ஒரு பக்கப்பலகையை நிரந்தரமாக அடித்துவிடுங்கள். மற்றதுதான் கதவு. அதன் மேல்விளிம்பில் கால் அங்குலம் குறைத்து வெட்டுங்கள். அந்த நீக்கலே காற்றோட்டத்துக்கும் உதவும். கீழிருந்து 9 அங்குலத்தில், முன்பலகை வழியாக ஓர் ஆணி, பின்பலகை வழியாக ஓர் ஆணி. அந்த இரண்டிலும் கதவு ஆடும். கீழே ஒரு திருகாணி போட்டுப் பூட்டுங்கள். இரண்டு ஆணியும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் கதவு இறுகும். பிணைச்சல் வைப்பவர்களும் உண்டு, ஆனால் இரண்டு மாரியில் கறல் பிடித்துவிடும்.

உட்புறத்துக்குப் பெயின்ற் கூடவே கூடாது. வெளிப்புறத்துக்கும் வெறும் மரமே போதும். பூசித்தான் ஆகவேண்டுமென்றால் வெளிர் நிறம் பூசி, இரண்டு மூன்று வாரம் நிழலில் மணம் போகவிட்டு மாட்டுங்கள்.

மாட்டும் இடமும் காலமும்

மார்கழி கடைசியிலோ தையிலோ, மாரி ஓயும்போது மாட்டிவிடுங்கள். வண்ணாத்திக்குருவியின் பருவம் பங்குனியில் தொடங்கிப் புரட்டாதி வரை போகும். அதற்கு முன்பே ஆண் இடம் பார்த்துப் பாடத் தொடங்கிவிடும்.

உயரம் 8 முதல் 10 அடி. துளை கிழக்கு அல்லது தென்கிழக்கைப் பார்க்கட்டும். மேற்கைப் பார்த்தால் பின்னேர வெயில் நேரே விழும். தென்மேற்கைப் பார்த்தால் குஞ்சுகள் இருக்கும் மாதங்களில் சோளகக் காற்று புழுதியை உள்ளே அடிக்கும். பெட்டி முன்பக்கம் சற்றுச் சரிந்திருந்தால் மழை உள்ளே போகாது.

மரத்தைவிட, பூசிய வழுவழுப்பான வீட்டுச் சுவர்தான் பாதுகாப்பு. சாரைப்பாம்பும் மரநாயும் பூனையும் வேம்பில் ஏறுவதுபோல் அதில் ஏறமாட்டா. மரம்தான் என்றால், தரையிலிருந்து 5 அடி உயரத்தில் 2 அடி அகலத் தகரத்தை அடிமரத்தைச் சுற்றிக் கட்டி, பக்கத்து மரக்கொப்புகள் தொடாமல் வெட்டிவிடுங்கள். கம்பி மரத்தை அறுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் ரியூப் துண்டை இடையில் வையுங்கள். முசுறு கூடு உள்ள மரத்தைத் தொடவே வேண்டாம். கிறீஸ் பூசிப் பாம்பைத் தடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது இறகில் ஒட்டினால் குருவி பறக்கமுடியாமல் போகும். குரங்கு வழக்கமாக வரும் வளவில் எந்தத் தடுப்பும் பலிக்காது. அவை போய்வரும் பாதையைத் தவிர்த்து, ஆள் நடமாட்டமுள்ள பக்கத்தில் மாட்டிப் பார்க்கலாம்.

ஒரு வளவுக்கு ஒரு பெட்டி போதும். இரண்டாவது சோடி வந்தால் ஆண் அடித்துத் துரத்திவிடும்.

அடைக்கலக்குருவிக்கு முட்டி

இதற்குப் பலகை வேண்டாம், மண்முட்டி போதும். 7 அல்லது 8 அங்குல விட்டமுள்ள முட்டியின் பக்கத்தில் 32 மில்லிமீற்றர் துளை. குயவரிடம் சொல்லிச் சூளையில் வைக்குமுன்பே போடச் சொல்வது நல்லது. சுட்ட முட்டியென்றால் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, ஓட்டுத் துளைப்பான் அலகால், அதிர்வு இல்லாமல் மெதுவாகத் துளையுங்கள். அவசரப்பட்டால் முட்டி இரண்டாகும். வாயைப் பலகை வட்டத்தால் அடைத்துத் தாவாரத்தின் கீழ் தொங்கவிடுங்கள். சீற் கூரையென்றால் சீற்றிலிருந்து ஓரடியாவது கீழே, சூடு இறங்காத தூரத்தில்.

இவை கூட்டமாக வாழ்பவை. மூன்று நான்கு முட்டிகளை அருகருகே கட்டினால்தான் வரும். கடைத்தெருவிலோ அரிசி ஆலையிலோ ஏற்கெனவே அடைக்கலக்குருவி உள்ள ஊரில்தான் இது பலிக்கும். முட்டை 3 முதல் 5, அடைகாப்பு ஏறத்தாழ இரண்டு வாரம். பெரிய குருவி நெல்லும் குரக்கனும் தின்றாலும் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டும். மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கடி மருந்தடிக்கும் வீட்டில் முட்டி கட்டுவதில் பயனில்லை.

முட்டைக்குப் பிறகு

பெட்டிக்குள் வேரும் புல்லும் சேர்ந்தபின் வண்ணாத்திக்குருவி நாளுக்கு ஒன்றாக 3 முதல் 5 முட்டை இடும். வெளிர் நீலப்பச்சையில் பழுப்புப் புள்ளிகள். அடைகாப்பது பெண் மட்டும், ஏறத்தாழ 12 அல்லது 13 நாள். ஆண் காவலுக்கு நின்று, குஞ்சு பொரித்தபின் இரை கொண்டுவரும். பொரித்து ஏறத்தாழ 15 நாளில் குஞ்சுகள் வெளியேறும். முதல் முட்டையிலிருந்து மொத்தம் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கைந்து நாளுக்கு ஒரு முறை, தாய் வெளியே போன நேரம் பார்த்து, சிறு கண்ணாடியையும் ரோச்சையும் துளையில் பிடித்து அரை நிமிடத்துக்குள் பார்த்துவிடுங்கள். கதவைத் திறக்கவேண்டாம், கூடு சரிந்து முட்டை வெளியே விழும். முட்டையிடும் காலை நேரத்திலும் இருட்டும் நேரத்திலும் போகாதீர்கள். குஞ்சுக்கு 10 நாள் ஆனபின் அறவே எட்டிப்பார்க்கக்கூடாது. பயந்து, பறக்கத் தெரியாமலே குதித்துவிடும்.

குஞ்சு தரையில் கிடந்தால், இறகு முளைக்காததைக் கூட்டில் திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் கதை. இறகு முளைத்துத் தத்துவதென்றால் பக்கத்துப் பற்றையில் ஏற்றிவிட்டுப் பூனையைக் கட்டிப்போடுங்கள். தாய் தேடிவந்து ஊட்டும். பாலும் பாணும் கொடுக்காதீர்கள், வாய்க்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்ச் செத்துவிடும். வளர்க்கலாம் என்று எடுத்துவைப்பதும் வேண்டாம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றின் முட்டையையும் குஞ்சையும் எடுப்பது குற்றம்.

பெட்டி கேளாதவர்கள்

கொண்டைக்குருவி மாதுளை, தேசி, கிளுவை வேலிக்குள் கிண்ணக்கூடு கட்டி 2 அல்லது 3 முட்டை இடும். செண்பகம் இதன் கூட்டைக் கொள்ளையடிப்பதுண்டு. வேலியை ஒட்ட நறுக்கினால் கூடு அதன் கண்ணில் பட்டுவிடும். கதியால் வெட்டுவதைப் புரட்டாதி, ஐப்பசிக்குத் தள்ளிவையுங்கள். அப்போதும் கத்தி வைக்குமுன் கொப்புக்குள் ஒரு முறை பாருங்கள்.

தையற்குருவியின் கூடு இருப்பதே தெரியாது. கத்தரியிலோ தேசியிலோ ஓர் இலை குழலாகச் சுருண்டு, விளிம்பில் வெள்ளைப் பஞ்சு முடிச்சுகள் தெரிந்தால் அதுதான். அலகால் துளையிட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் இழுத்து, வெளியே பிரிந்து நிற்கவிட்டிருக்கும். பழுத்த இலையென்று கிள்ளிவிடாதீர்கள்.

தேன்சிட்டு உடுப்புக் கொடியிலும் விறாந்தைக் கம்பியிலும் பைபோலத் தொங்கவிடும். 2 முட்டை; அடைகாப்பு 14 முதல் 16 நாள். அந்தக் கொடியை விட்டுவிட்டு இன்னொன்று கட்டுவதே சுலபம்.

புலுனிக் கூட்டம் கறுப்பும் வெள்ளையுமான, கொண்டையுள்ள அந்நியக் குஞ்சுக்கு ஊட்டுவதைக் கண்டால் அது சுடலைக்குயில் குஞ்சு. முட்டையின் நீலநிறமும் ஒத்திருப்பதால் புலுனி ஏமாந்துபோகும். பிரிக்கப்போகவேண்டாம். தூக்கணாங்குருவிக்கோ பச்சை நெல்லிலையும் பனையோலைக் கீற்றும் கிடைக்கும் தூரத்தில் ஒரு பனையோ முள்மரமோ நின்றால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

கூட்டுப் பொருள் கொடுக்க விரும்பினால் தேங்காய்த் தும்பை 3 அங்குலத் துண்டுகளாக வெட்டி வேலியில் செருகுங்கள். நைலோன் நூல், வலைத்துண்டு, தலைமயிர் வேண்டாம், குஞ்சின் காலில் சுற்றிக் காலை அறுத்துவிடும். தண்ணீர் வைத்தால் ஓரங்குல ஆழ மண்சட்டியில், தினமும் கவிழ்த்துத் தேய்த்து நிரப்புங்கள். நாட்கணக்கில் விட்டால் டெங்கு நுளம்புதான் குஞ்சு பொரிக்கும்.

குஞ்சுகள் போனபின் அதே சோடி இன்னொரு முறை முட்டையிடலாம் என்பதால் பெட்டியை உடனே கழற்றாதீர்கள். ஐப்பசியில், பெருமழைக்கு முன், வாய்க்கும் மூக்கிற்கும் துணி கட்டிக்கொண்டு பழைய கூட்டைச் சுரண்டி எடுத்து எரியுங்கள். உண்ணியும் பேனும் மூலைகளில் ஒளிந்திருக்கும்; பூச்சிமருந்து அடிக்காமல் கொதிநீர் ஊற்றி இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். திருகாணியைப் பார்த்து, கறல் பிடித்திருந்தால் மாற்றுங்கள். ஒரு முழுப் பருவமும் எதுவும் வராவிட்டால் பெட்டியை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள்.