கினாபாத்தாங்கான் போனால் ஆற்றங்கரையில் தங்குங்கள்

போர்னியோ தீவுக்குப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, ஆற்றங்கரையில் ஒரு ராத்திரியாவது தங்குகிறீர்களா என்பதைத்தான். சண்டாக்கான் நகரத்தில் ரூம் போட்டுக்கொண்டு பகலில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். வேண்டாம். போர்னியோவின் மலேசியப் பகுதியில் ஓடும் கினாபாத்தாங்கான் ஆற்றில் விலங்குகள் நன்றாகக் கண்ணில் படுவது சாயங்காலம் நாலு மணிக்கு மேல், அப்புறம் விடியற்காலையில். உச்சிவெயிலில் போனால் கலங்கல் தண்ணீரையும் மரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நான் பொள்ளாச்சிக்காரன். வால்பாறை மலையில் யானையும் இருவாச்சிப் பறவையும் பார்த்து வளர்ந்தவன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு ஜூன் மாதம் அங்கே போனேன். ஏப்ரலிலிருந்து அக்டோபருக்குள் போவது நல்லது. நவம்பருக்கு மேல் மழை வலுக்கும், ஆறு கரையை மீறும்.

கோலாலம்பூரிலிருந்து சண்டாக்கானுக்கு விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். மலேசியாவுக்குள்ளேயே பறந்தாலும் சண்டாக்கான் இருக்கும் சபா மாநிலத்தில் தனியாகக் குடிநுழைவுச் சோதனை உண்டு. பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். அன்று பக்கத்திலுள்ள செப்பிலோக்கில் தங்கி, மறுநாள் காலை 10 மணிக்கு அங்குள்ள மறுவாழ்வு மையத்தில் ஒராங்குட்டான்களுக்கு உணவு வைப்பதைப் பாருங்கள். 1964இல் தொடங்கிய இடம் அது. பிறகு வண்டியில் இரண்டு, இரண்டரை மணி நேரம் போனால் ஆற்றங்கரையிலுள்ள சுக்காவ் கிராமம். ரிங்கிட் பணத்தைச் சண்டாக்கானிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புக் செய்யும்போது எத்தனை படகுப் பயணம் என்று எண்ணிக் கேளுங்கள். மாலை, இரவு, விடியல் என மூன்றும் இருக்க வேண்டும். எங்களுக்கு ஏற்பாடு செய்தவர் "படகு உண்டு" என்று மட்டும் சொன்னார். போன பிறகுதான் மாலைப் படகு மட்டும் என்று தெரிந்தது, விடியலுக்குத் தனியாகப் பணம் கட்டினோம். சைவம் சாப்பிடுகிறவர்கள் "பெலாச்சான் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது இறால் விழுது, கீரையில்கூடப் போடுவார்கள். அம்மாவுக்குச் சோறும் கீரையும் வாழைப்பழமும் போதுமானதாக இருந்தது.

மாலைப் படகில் மெனாங்குல் என்ற கிளையாற்றுக்குள் போகச் சொல்லுங்கள். குறுகலாக இருக்கும், இரண்டு கரையும் பக்கத்தில் தெரியும். காற்றே இல்லாதபோது ஒரு கிளை மட்டும் ஆடினால் அங்கே பாருங்கள். எங்கள் படகில் அதை முதலில் கவனித்தது அம்மாதான். நீள்மூக்குக் குரங்குக் கூட்டம். போர்னியோவைத் தவிர வேறெங்கும் காட்டில் இல்லாத குரங்கு. இரவு தூங்க அவை ஆற்றோர மரங்களுக்கு வந்துவிடும். பெரிய ஆண் ஒன்று எங்கள் தலைக்கு மேலே உட்கார்ந்து இலை பறித்துத் தின்றது. மூக்கு வாயை மறைத்துத் தொங்கியது, தலையைத் திருப்பும்போதெல்லாம் ஆடியது. வயிறு பானை மாதிரி. இலையைச் செரிக்க உள்ளே பல அறைகள் கொண்ட இரைப்பை அதற்கு. இஞ்சினை அணைத்ததும் அது தொண்டைக்குள் உறுமியது எங்களுக்கே கேட்டது.

படகோட்டி திடீரென்று "காஜா" என்றார். மலாய் மொழியில் யானை. கஜம் என்று அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. போர்னியோ யானை நம் யானையைவிடச் சிறியது, வால் தரையைத் தொடுகிற மாதிரி நீளம். கரையில் புல் தின்றுகொண்டிருந்த கூட்டத்தைத் தள்ளி நின்றே பார்த்தோம். யானை எல்லோருக்கும் எல்லா நாளும் கிடைக்காது. கிடைத்தால் கிட்டே போகச் சொல்லிப் படகோட்டியை வற்புறுத்தாதீர்கள், குட்டி இருந்தால் கண்டிப்பாகக் கூடாது.

இத்தனை விலங்குகள் ஆற்றோரம் நெருக்கமாகத் தெரிவதற்கு ஒரு வருத்தமான காரணமும் உண்டு. சுக்காவ் போகும் வழியில் பார்த்தீர்களானால் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம் முடிவே இல்லாமல் வரும். பின்னால் காடு போய்விட்டதால் மிச்சமிருப்பவை கரையோரப் பட்டையில் ஒதுங்கியிருக்கின்றன. 2005இல் இதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் அது தொடர்ச்சியாக இல்லை, துண்டு துண்டாக இருக்கிறது.

இரவுப் படகில் மீன்கொத்தி கிளையில் பஞ்சு உருண்டை போலத் தூங்கும். கை எட்டும் தூரம்தான். டார்ச்சைக் கண்ணில் நேராக அடிக்காதீர்கள், படகோட்டி அடித்தாலும் பணிவாக வேண்டாம் என்று சொல்லுங்கள். தண்ணீர் மட்டத்தில் சிவப்பாக மின்னுவது முதலை. கையைப் படகுக்கு வெளியே தொங்கவிட வேண்டாம்.

ஏசி அறையிலிருந்து கேமராவையும் பைனாகுலரையும் நேராகப் படகுக்கு எடுத்துப் போனால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். விடியலில் முதல் கால் மணி நேரத்தை நான் அப்படித்தான் இழந்தேன். அரை மணி நேரம் முன்னதாகவே எடுத்து வராந்தாவில் வைத்துவிடுங்கள். காட்டுக்குள் நடக்கிறதாக இருந்தால் அட்டைக்கு முழங்கால் வரை காலுறை வேண்டும், வால்பாறைக்குப் போட்டுக்கொள்கிறோமே அதே மாதிரி.

விடியற்படகு ஆறு மணிக்குக் கிளம்பும். ஆற்றின் மேல் பனிமூட்டம் இருக்கும், எதிர்க்கரை தெரியாது. இருவாச்சியைக் கண்ணால் தேடாதீர்கள், காதால் தேடுங்கள். இறக்கை அடிக்கும் ஓசை நம் ஊர் இருவாச்சியுடையது போலவே வரும். எங்களுக்கு மேலே ஒரு ஜோடி கடந்தது. அலகின் மேலுள்ள கொம்பு செம்மஞ்சள் நிறத்தில் மேல்நோக்கி வளைந்திருந்தது. அம்மா கையைக் கூப்பிக்கொண்டு அவை போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். படகோட்டி இஞ்சினைப் போடாமல் காத்திருந்தார்.