இன்டர்வியூவில் தாழையூத்தைச் சொல்லு

பாளையங்கோட்டையில் பி.காம் முடித்த தம்பி ஒருவன், "அண்ணே, இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்ல சேரணும்னா ஐ.ஐ.எம்.லதான் படிக்கணுமா?" என்று கேட்டான். கம்பெனிகளை வாங்க, விற்க, பணம் திரட்ட ஆலோசனை சொல்லும் வேலை அது. ஐ.ஐ.எம். நேர்வழி. சி.ஏ. முடித்தும் நுழையலாம்.

இன்டர்வியூவில் "சமீபத்தில் கவனித்த ஒரு டீல் சொல்லுங்க" என்பார்கள். பெரும்பாலும் எல்லாரும் அமெரிக்க கம்பெனியைத்தான் சொல்வார்கள். நீ தாழையூத்தைச் சொல்லு.

1949-இல் நம்ம தாழையூத்து சங்கர் நகரில் ஆலை தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸை 2024-இல் இன்னொரு சிமெண்ட் கம்பெனியான அல்ட்ராடெக் வாங்கியது. புரமோட்டர் (கம்பெனியை நடத்தும் முதலாளி) தரப்பின் 32.72% பங்குகள், பங்கு ஒன்றுக்கு 390 ரூபாய். வாங்குபவரின் கையிருப்பு 25 சதவீதத்தைத் தாண்டுவதால், மற்ற பங்குதாரர்களுக்கும் 'உங்க பங்கையும் வாங்கிக்கிறோம்' என்று 26% ஓப்பன் ஆஃபர். இது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. ஏன் 390? ஒரு டன் உற்பத்தித் திறனுக்கு எவ்வளவு விழுகிறது? ஆஃபர் ஆவணம் செபி தளத்தில் இலவசம். எக்செல்லில் நீயே போட்டுப் பாரு. பத்து வீடியோ பார்ப்பதைவிட இது மேல்.

சேர்ந்த பிறகு வாரம் 80 மணி நேரம் சாதாரணம். அதைவிடக் கொடுமை காத்திருப்பு. பகலெல்லாம் சும்மா கிடந்து, ராத்திரி ஒன்பதுக்குத் திருத்தம் வரும். மேலதிகாரி வேலை கொடுக்கும்போதே "எத்தனை மணிக்கு வேணும் சார்?" என்று மெயிலில் கேட்டுவிடு. பல சமயம் "நாளை மதியம் போதும்" என்று பதில் வரும், தூங்கலாம்.

ஆனித் தேரோட்டத்துக்கு லீவு வேணுமா, ஒரு மாசம் முன்னாடியே சொல்லி வை. டீல் முடியும் வாரமென்றால் அதுவும் போச்சு. அம்மாகிட்ட இப்பவே சொல்லிடு.