நேரடி போக்கரிலிருந்து ஆன்லைன் சின்ன டேபிளுக்கு

நேரடி டேபிளில் ஆடிப் பழகியவர் ஆன்லைனில் சின்னத் தொகைக்கு ஆட வரும்போது, முதலில் கைகொடுக்காமல் போவது ரெய்ஸ் (பந்தயத்தை ஏற்றுவது) அளவுதான். நேரடி ஆட்டத்தில் பிக் பிளைண்டைப் (சீட்டுப் போடும் முன் ஒருவர் கட்டாயமாகப் போடும் தொகை; ஸ்மால் பிளைண்ட் அதில் பாதி) போல 5, 6 மடங்கு ஏற்றினாலும் நாலு பேர் கால் செய்வார்கள் (அதே தொகையைப் போட்டுத் தொடர்வார்கள்). ஆன்லைனில் 2.5 மடங்கே போதும். கணக்கு எளிது: பிளைண்டுகள் இரண்டும் சேர்ந்து 1.5 பிக் பிளைண்ட். அதை எடுக்க 2.5 போட்டால், எதிராளிகள் எல்லோரும் 62.5% தடவை ஃபோல்டு செய்தாலே (சீட்டைக் கைவிட்டாலே) முதலுக்கு மோசமில்லை. 5 போட்டால் அதே விஷயத்துக்கு சுமார் 77% வேண்டும்.

அடுத்தது வேகம். டீலர் கையால் சீட்டுப் போடும் டேபிளில் மணிக்கு சுமார் 30 ஆட்டம். ஆறு பேர் ஆன்லைன் டேபிளில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஆக, தொடர் தோல்வியும் அதே வேகத்தில் வரும். 30 பை-இன்னாவது (டேபிளில் உட்காரக் கொண்டுபோகும் தொகையைப் போல 30 மடங்கு) கையிருப்பு இருக்கட்டும். இரண்டாவது டேபிளைத் திறக்க அவசரம் வேண்டாம். யார் எப்படி ஆடுகிறார் என்று ஒரு டேபிளில் கவனிக்கவே ஆரம்பத்தில் நேரம் போதாது.

முகம் தெரியாதே என்று பலர் புலம்புவார்கள். பெட் அளவே நிறையச் சொல்லும். சின்ன ஸ்டேக்ஸில் (சின்னத் தொகை ஆட்டங்களில்) அதுவரை வெறும் கால் மட்டும் செய்தவர் ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு வந்த பின்) திடீரென்று பெரிதாக ரெய்ஸ் செய்தால், பெரும்பாலும் நிஜமாகவே பலமான கை. ஒற்றை ஜோடியை வைத்துக்கொண்டு வீரம் காட்டாமல் ஃபோல்டு செய்யுங்கள். பிளஃப்பும் (கை பலவீனமாக இருந்தும் பலம் காட்டி பெட் செய்வது) அளவோடுதான்: ஃபோல்டே செய்யாத ஆளிடம் அது வீண்செலவு.

உட்காரும் முன் செட்டிங்ஸில் ஆட்டோ ரீபையைப் பாருங்கள். ஸ்டாக் (டேபிளில் உங்கள் முன் இருக்கும் தொகை) நீங்கள் வைத்த அளவுக்குக் கீழே இறங்கினால் அதுவே நிரப்பிவிடும். ஆனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருப்பவர் அதை அணைத்துவிடுவதே மேல்.